ஒரு வாக்கியம் மட்டும் தெரிந்த காவல்காரன்

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, கரூர் வெங்கமேட்டில் மூன்றாம் குறுக்குத் தெருவின் முனையில், டிரான்ஸ்பார்மருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே, இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையும் முழங்கால்வரை ஏறிய தோல் பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் நீண்ட ஈட்டியோடு ஒரு காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். முதலில் அவன் முன்னால் போய் மாட்டியது பால்கார ராக்கியண்ணன். மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன் தொங்க வந்தவரை ஈட்டியைக் குறுக்கே சாய்த்து மறித்து, "ஹூ கோஸ் தேர்?" என்று கேட்டான். யார் அங்கே போவது என்று அதற்கு அர்த்தம். ராக்கியண்ணனுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் இங்கிலீஷில் கேட்டவனுக்கு இங்கிலீஷில்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிற மரியாதை தெரியும். அதனால் ஏதாவது இங்கிலீஷ் கிடைக்குமா என்று நாலு பக்கமும் பார்த்தார், எதிர்ச்சாரியில் ஃப்ரெண்ட்ஸ் டீ ஸ்டால் பலகை தெரிந்தது, அதை எழுத்துக்கூட்டி "ஃப்ரெண்ட்" என்று ஆரம்பிப்பதற்குள் ஈட்டி நிமிர்ந்துவிட்டது. அன்றைக்குத் தெருவுக்குப் பால் ஐந்து நிமிஷம் தாமதம். வேறு நஷ்டம் ஒன்றுமில்லை.

அவன் எங்கிருந்து வந்தான் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. கலாமணி வீட்டு டிவியிலிருந்து வந்திருந்தான்.

கலாமணிக்கு முப்பத்தெட்டு வயது. வெளிநாட்டுக்குச் சமையலறைத் துண்டுகள் அனுப்புகிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து, நூல் பிசிறு வெட்டுகிற பெண்ணாகச் சேர்ந்து பேக்கிங் சூப்பர்வைசர்வரை வந்தவள். ஒரு துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாலே அதில் ஏறியிருக்கிற சாயம் நிற்குமா ஓடுமா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அதைத் தமிழில்தான் சொல்வாள். கேட்க வேண்டியவர்கள் ஸ்பெயின் தேசத்து வலென்சியாவில் இருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஆனது. சிவப்புத் துண்டு ஒரு லாட் போகிற நேரம், வலென்சியாவிலிருந்து துணி வாங்குகிற இனெஸ் என்கிற அம்மாள் வீடியோவில் வந்து, சாயம் நிற்குமா, பேக்கிங்கில் இருப்பவரையே கேளுங்கள் என்று சொன்னாள். கலாமணியை முன்னால் தள்ளினார்கள். சாயம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். தொண்டைவரை வந்தது, நாக்கில் ஏறவில்லை. பக்கத்திலிருந்த, வெளிநாட்டு ஆர்டர்களைப் பேசி முடிக்கிற மெர்ச்சண்டைசர் நிர்மல் சிரித்துக்கொண்டே, "நோ ப்ராப்ளம், டியர் ஃப்ரெண்ட்" என்றான். ஒன்றும் பயமில்லை, நண்பரே. கண்டெய்னர் போய் அப்படியே திரும்பி வந்தது, தையல் பிரிவில் பதினான்கு பெண்களை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி கலாமணியின் பின்வீட்டு மரகதம். மரகதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்று கலாமணிக்கு இருந்தது.

அன்றைக்குத்தான் இங்கிலீஷைப் பிடித்தே தீருவது என்று இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள், அங்கே மூன்று மாதமும் மை நேம் ஈஸ் என்பதைத் தாண்டவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் சுபிக்ஷாதான், "அம்மா, நீ சீரியல் பாத்துக் கத்துக்கோ, எங்க மிஸ்ஸே அப்படித்தான் கத்துக்கிட்டாங்களாம்" என்று ஒரு தொடரைப் போட்டுக்கொடுத்தாள். ராஜாக்களும் கோட்டைகளும் பனியும் சூனியமும் கொண்ட அந்தத் தொடருக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. தெருவில் எல்லோரும் கோட்டை சீரியல் என்றே சொன்னார்கள். சமையல் முடித்து, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடவிட்டு, மடியில் நோட்டு வைத்துக்கொண்டு கலாமணி அறுபது எபிசோடையும் பார்த்தாள், ஓத் என்றால் சத்தியம் என்று எழுதினாள், சீஜ் என்றால் முற்றுகை என்று எழுதினாள், ட்ரெய்ட்டர் என்றால் துரோகி, ரேவன் என்றால் அண்டங்காக்கை, டஞ்சன் என்றால் பாதாளச் சிறை என்று எழுதி எழுதி ஆயிரத்து நூறு வார்த்தை சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, சாயம் ஓடுகிறது என்று சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆறு சீசனில் ஒருத்தரும் துணி துவைக்கவில்லை.

"ஏங்கண்ணு, இவங்கல்லாம் ஒரே துணியத்தான் போட்டுக்கிட்டே இருப்பாங்களா?" என்று மகளிடம் கேட்டாள்.

"அம்மா, அது ஃபேண்டஸி."

"ஃபேண்டஸின்னா துவைக்க மாட்டாங்களா?"

சுபிக்ஷா போனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் காவல்காரன் மூன்றாம் சீசன் நான்காம் எபிசோடில் வந்தான். பனி கொட்டுகிற ஒரு கோட்டை வாசலில் நின்றான். அவனுக்குப் பெயர் கிடையாது. இருட்டில் யாரோ வருகிற சத்தம் கேட்டு "ஹூ கோஸ் தேர்?" என்கிறான். இருட்டிலிருந்து "எ ஃப்ரெண்ட்" என்று பதில் வருகிறது, நண்பன்தான் என்று. அதை நம்பி ஈட்டியை நிமிர்த்துகிறான். தொண்டையில் அம்பு பாய்கிறது. விழுகிறான். பன்னிரண்டு விநாடிதான். தொடரை முதலிலிருந்து இரண்டாவது முறை பார்த்தபோதும் கலாமணிக்கு அவன் கேட்ட மூன்று சொல்லும் ஒரே சொல்லாக, ஏதோ ஊர்ப் பெயர்போலக் காதில் விழுந்தது, பிரித்துக் கேட்பதற்காகப் பின்னால் ஓட்டினாள், மறுபடி ஓட்டினாள், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாற்பது தடவை ஓட்டினாள், நாற்பது தடவையும் அவன் கேட்டான், நாற்பது தடவையும் நம்பினான், நாற்பது தடவையும் விழுந்தான். நாற்பத்தொன்றாவது தடவை, பதில் வருவதற்கு முன்னாலேயே, "நம்பாதடா மடையா" என்று கத்தி, சுவர் சுவிட்சைத் தட்டி டிவியை அணைத்தாள். மறுநாள் காலையில் அவன் தெருமுனையில் நின்றான். அதற்கப்புறம் அந்த எபிசோடை எப்போது போட்டாலும் கோட்டை வாசல் காலியாக இருந்தது, யாருமில்லாத வாசலைப் பார்த்து இருட்டு "எ ஃப்ரெண்ட்" என்றது.

தெரு அவனைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெளியே போகிறவர்களை அவன் ஒன்றும் கேட்பதில்லை. உள்ளே வருகிறவர்களைத்தான் கேட்டான், தெருவின் மறுமுனை அடைப்பு என்பதால் எல்லோரும் அவனைத் தாண்டித்தான் வர வேண்டும். போஸ்ட்மேன் "போஸ்ட்" என்று சொல்லிப் பார்த்தார், ஈட்டி அசையவில்லை. கேஸ் கொண்டுவந்தவன் "கேஸ்" என்றான், அதற்கும் அசையவில்லை. ஃப்ரெண்ட் என்கிற ஒன்றுக்குத்தான் அவன் வழிவிட்டான், அந்தத் தொடரில் அவனுக்குச் சொல்லப்பட்ட பதில் அது ஒன்றுதான் என்பதால் அப்படி. மூன்றாம் நாள் வந்து "போலீஸ்" என்று அதட்டிய இன்ஸ்பெக்டரும் கால்மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, ஸ்டேஷன் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிற வார்த்தையை முதல் தடவையாக வாயால் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். கிழக்குச் சுவருக்காகப் பதினோரு வருஷம் வழக்காடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேரும், ஒருவன் சொல்வது மற்றவன் காதில் விழும்படி, தினம் சாயங்காலம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்; அதனால் அவர்கள் சேர்ந்துவிடவில்லை, ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வருவதைத் தவிர்க்க ஆரம்பித்தார்கள். டீ ஸ்டாலில் அவனுக்குக் காலையில் டீ, மதியம் மோர். பங்குனி வெயில் ஏறியதும் இரும்புச் சட்டை அடுப்புத் தகடுபோல் கொதித்தது, ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள், அவன் ஆவி பறக்க நின்றான். வைகாசியில் மாரியம்மன் ஊர்வலம் தெருவுக்குத் திரும்பியபோது அம்மனையும் மறித்து "ஹூ கோஸ் தேர்?" என்றான். பூசாரி திகைத்துப்போனார், அம்மனுக்குப் பதிலாக அந்த வார்த்தையை எந்த வாயால் சொல்வது என்று, மேளம் நின்றது, அப்போது பூச்சட்டி ஏந்தி அருள் வந்து நின்ற பூக்கடை ராசாத்தி, "ஃப்ரெண்டுடா நானு!" என்று ஒரு சத்தம் போட்டாள். ஈட்டி நிமிர்ந்தது. அம்மன் உள்ளே வந்தாள்.

கலாமணி மட்டும் வரவில்லை.

முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து, டிபன் கேரியரோடு அவன் முன்னால் நின்றபோது, அவளுக்கு ஆயிரத்து நூறு வார்த்தை தெரியும். "ஹூ கோஸ் தேர்?" என்றான். பக்கத்தில் பார்த்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது போலிருந்தது, மீசை சரியாக முளைக்காத முகம், தொண்டைக்குழியில் வியர்வை. அந்த இடத்தில்தான் அம்பு இறங்கும். நாற்பது தடவை பார்த்தவள் அவள். எந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்து அவனைக் கொன்றார்களோ அதே வார்த்தையை அவன் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஐ ஆம் கலாமணி" என்றாள். நான் கலாமணி. ஈட்டி அசையவில்லை.

"திஸ் ஈஸ் மை ஸ்ட்ரீட்." இது என் தெரு. அசையவில்லை.

"ஐ ஸ்வேர்" என்றாள், நான் சத்தியம் செய்கிறேன், நோட்டில் எழுபதாவது வார்த்தை. அசையவில்லை.

பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர், "ஃப்ரெண்ட்" என்று சொல்லிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போனார். இன்னொருத்தி போனாள். எட்டாம் வகுப்புத் தாண்டாதவர்கள் எல்லாம் போனார்கள். அவள் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போய், மரகதத்தின் வாசல் கதவைத் தட்டி, அவள் கொல்லையில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவர் தாண்டித் தன் வீட்டுக்குள் குதித்தாள்.

"ஏம்மிணி, ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்தா என்ன?" என்றாள் மரகதம் மறுநாளும் அவளுக்கு டிரம்மைப் பிடித்துக்கொண்டே.

"அது பொய்யிங்கக்கா. அதைச் சொல்லித்தான் அவனைச் சாகடிச்சாங்க."

"அது டிவியில. இங்க தெருவே சொல்லுது, அவன் நல்லாத்தானே நிக்கிறான்?"

"தெருவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

கணவன் சென்னியப்பன் விசைத்தறி மெக்கானிக். பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறவன். "சொல்லிட்டு வா புள்ள. சுவரு இடிஞ்சிரும்" என்றான். சுபிக்ஷாவுக்கு அவமானமாக இருந்தது. "எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. இங்கிலீஷ் கத்துக்கிறேன்னு ஒரு வருஷமா டிவியக் கட்டிப்புடிச்சிட்டு உக்காந்திருந்தே, இப்ப ஊருக்கே தெரிஞ்ச ஒத்த வார்த்தை உனக்கு மட்டும் தெரியலைன்னு பேசுறாங்க."

"தெரியாமயா? தெரிஞ்சதாலதான்டி சொல்லலை!"

மூன்று மாதம் அப்படிப் போனது. வேறு வழி கிடைக்குமா என்று கலாமணி தினமும் நோட்டிலிருந்து இரண்டு வார்த்தை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் போட்டுப் பார்த்தாள். சர்வண்ட் என்றாள், சிஸ்டர் என்றாள், யாத்திரை போகிறவள் என்று பில்க்ரிம் என்றாள், விதவை என்று அர்த்தம் வருகிற விடோவைக்கூட ஒரு நாள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டுச் சென்னியப்பனை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் அதே மாதிரி, புதிதாகக் கேட்கிறவன் மாதிரி, "ஹூ கோஸ் தேர்?" என்றான். இங்கிலீஷ் பேச ஓர் ஆள் இல்லையே என்று ஒரு வருஷம் ஏங்கியவளுக்கு, வீட்டு வாசலிலேயே ஓர் ஆள் கிடைத்து, அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும் என்று ஆனது. சில நாள் சுவர் தாண்டாமல் எதிரில் டீ ஸ்டால் பெஞ்சில் உட்கார்ந்து அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். முழங்கால் வலித்தது. இரண்டு சேலை சுவரில் மாட்டிக் கிழிந்தது.

ஆனி பிறந்ததும் வலென்சியா அம்மாள் இனெஸ் நேரிலேயே வந்தாள். நீலத் துண்டு, பெரிய ஆர்டர், வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏற வேண்டும். அந்த நீலத்தைக் கலாமணி பத்து நாள் முன்பே விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு நிர்மலிடம் சொல்லியிருந்தாள், மூன்றாவது துவைப்பில் ஓடும் என்று. நிர்மல், "அக்கா, நீங்க பெட்டியை மட்டும் ஒட்டுங்க" என்றிருந்தான். இப்போது ஏ.சி. ரூமில் முதலாளி நடுவில், நிர்மல் ஒரு பக்கம், இனெஸ் எதிரில், மாதிரித் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு கலாமணி சுவரோரம்.

இனெஸ் நாற்பது வயதுக்காரி, வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிர்மல் சிரித்தான். "நோ ப்ராப்ளம், டியர் ஃப்ரெண்ட்."

இனெஸுக்கும் இங்கிலீஷ் ஓடவில்லை என்பது அப்போதுதான் கலாமணிக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் உதட்டை அசைத்து, கண்ணை மேலே உருட்டி, வார்த்தையைத் தேடுகிற தேடலைக் கலாமணி கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கடைசியில் இனெஸ் துண்டை உயர்த்திப் பிடித்து, "திஸ் ப்ளூ… ட்ரெய்ட்டர்?" என்றாள்.

நிர்மலுக்குப் புரியவில்லை. முதலாளிக்கும் புரியவில்லை. இந்த நீலம் துரோகியா என்று கேட்கிறாள் என்று கலாமணிக்குப் புரிந்தது, புரிந்த வேகத்தில் வாய் திறந்துகொண்டது.

"எஸ். ட்ரெய்ட்டர்" என்றாள். ஆமாம், துரோகிதான். "ஃபர்ஸ்ட் வாட்டர், கீப் ஓத். செகண்ட் வாட்டர், கீப் ஓத். தேர்ட் வாட்டர், ப்ரேக் ஓத்!" முதல் தண்ணீரில் சத்தியத்தைக் காப்பாற்றும், இரண்டாவதிலும் காப்பாற்றும், மூன்றாவது தண்ணீரில் உடைத்துவிடும். "ஆல் வைட் க்ளாத், டெட்." கூடப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் செத்தது.

"கலாமணி!" என்றார் முதலாளி.

அவள் நிறுத்தவில்லை. "டு நாட் மார்ச். ட்வென்டி டேஸ். வீ ஃபோர்ஜ் நியூ ப்ளூ." படை கிளம்ப வேண்டாம். இருபது நாள் பொறுங்கள். புது நீலம் வார்த்துத் தருகிறோம்.

இனெஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்து கலாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கோட்டை சீரியலின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னாள். கலாமணி தலையாட்டினாள். இனெஸ் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன நாலு தாளை எடுத்தாள். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக யாரோ அந்தத் தொடரிலிருந்து வார்த்தை பொறுக்கிப் போட்ட பட்டியல், ஓத், சீஜ், ட்ரெய்ட்டர், ரேவன், பக்கத்தில் ஸ்பானிஷ் அர்த்தம், ஓரத்தில் அவள் கையெழுத்து. துவைக்கிறது அதிலும் இல்லை. இரண்டு பேரும் ஏ.சி. ரூமில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இருபது நாளுக்கு இனெஸ் ஒத்துக்கொண்டாள், கையெழுத்தும் போட்டாள், போட்டுவிட்டுக் கலாமணியின் தோளில் கை வைத்து, "யூ, ஃப்ரெண்ட்" என்றாள். அந்த வார்த்தையை முதல் தடவையாக யாரோ அர்த்தத்தோடு சொல்லக் கேட்டதுபோல் அவளுக்கு இருந்தது.

கண்டெய்னர் நின்றது. துண்டுகள் மறுபடி சாயத்துக்குப் போகும், தையலில் இந்தத் தடவை யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இனெஸ் கை கழுவப் போன நேரத்தில் முதலாளி கலாமணியைக் கூப்பிட்டார். காலியாகிற இன்னொரு மெர்ச்சண்டைசர் இடத்துக்கு அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பம் மேஜைமேல் இருந்தது.

"நல்லவேளைம்மா, அந்தம்மாவும் உன்னை மாதிரியே அரைகுறை. ஆனா நீ பேசுனது இங்கிலீஷே இல்லையே. நாளைக்கு ஜெர்மன்காரன் வருவான், அவங்கிட்ட போயி செத்துச்சு, சத்தியம் பண்ணுச்சுன்னா பேசுவே?" என்றார். "அதுவும் கம்பெனித் துணியை நீயே துரோகிங்கிறே. ஒண்ணாந்தேதியிலருந்து சூப்பர்வைசர் வேலையை விட்டுட்டு நீ செக்கிங் டேபிளுக்குப் போயிரு. விரல் நல்லா வேலை செய்யுது உனக்கு. வாய் வேண்டாம்."

நிர்மல் கதவருகே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலாமணி மாதிரித் துண்டுகளை மடித்து அடுக்கினாள். சொல்ல வேண்டியது தமிழிலேயே நிறைய இருந்தது, அதுவும் வரவில்லை.

இனெஸ் அவள் வீட்டைப் பார்க்க வேண்டும், அவள் கையால் சாப்பிட வேண்டும் என்றாள். ஆட்டோவில் போகும்போது கலாமணி தெரிந்த வார்த்தையை எல்லாம் கூட்டி, என் தெருவில் அந்தக் காவல்காரன் நிற்கிறான் என்று சொன்னாள். மூன்றாம் சீசன், நான்காம் எபிசோட். இனெஸ் சிரிக்கவில்லை. மார்ச்சிலிருந்து எங்கள் வீட்டிலும் அந்த வாசல் காலி, வலென்சியா முழுக்கக் காலி, வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தோம், என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு அதே மாதிரி இங்கிலீஷில் சொன்னாள். அவளும் அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தவள்தான்.

ஆட்டோ தெருமுனையில் நின்றது. சாயங்கால வெயில். காவல்காரன் ஈட்டியைச் சாய்த்தான்.

"ஹூ கோஸ் தேர்?"

இனெஸ் அவனைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள். கலாமணி பக்கம் திரும்பி, "நோ" என்றாள். "திஸ் வேர்ட், நோ." அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன்.

டீ ஸ்டாலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ரெண்டாவது ஆளும் அதே கேஸ்" என்று யாரோ சொன்னார்கள். சுபிக்ஷா உள்பக்கம் வந்து நின்றிருந்தாள். மரகதம் ஓடிவந்து, "ஏம்மிணி, டிரம் போடட்டுமா? வெள்ளைக்காரம்மா ஏறுமா?" என்றாள். இனெஸின் வீங்கிய கணுக்காலைப் பார்த்ததும் அவளுக்கே அது ஆகாது என்று பட்டது.

வீட்டுக்கு வந்த விருந்தாளி. உள்ளே காலையில் வைத்துவிட்டுப் போன குழம்பு. பத்தொன்பது வருஷ வேலை, ஆயிரத்து நூறு வார்த்தை, மூன்று மாதச் சுவர், காலையிலிருந்து தொண்டையில் நிற்கிற கோபம். கலாமணி ஆட்டோ வாசலிலிருந்து இறங்கி நேராக அவன் முன்னால் போய் நின்றாள், ஈட்டிமுனை அவள் தோளைத் தொட்டது.

"இங்க பாரு" என்றாள் தமிழில். "உங்கிட்ட இதை எல்லாரும் சொல்றாங்க. வழிக்காகச் சொல்றாங்க. எங்க கம்பெனியில ஒருத்தன் வாயத் தொறந்தா இதைத்தான் சொல்றான், சொன்னா ஒரு கண்டெய்னர் நாசமாப் போகுது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உன்னை நம்பாதேன்னு சொன்னவ நானு. இப்ப நம்புன்னு சொல்றேன். கேக்குதா?"

"ஹூ கோஸ் தேர்?" என்றான்.

"கேக்காது! ஒண்ணும் கேக்காது உனக்கு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, அவன் தொண்டைக்குழியை மூடினாள். இரும்புச் சட்டையின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அடியில் நாடி துடித்தது. கை எடுக்காமல், மாடிகளைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தாள், துணி காய்கிற கொடிகளைப் பார்த்தாள், டிரான்ஸ்பார்மர் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகளைப் பார்த்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"ஃப்ரெண்ட்."

ஈட்டி நிமிர்ந்தது. ஒன்றும் பறந்து வரவில்லை. யாரோ டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம் போல அவள் கையை எடுக்கவில்லை, அவனும் அசையவில்லை. அவன் விழுங்கியது உள்ளங்கைக்குத் தெரிந்தது. பின்னால் நின்ற இனெஸும் அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னாள், ஜெபம் சொல்கிற மாதிரி. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சுபிக்ஷா வந்து அம்மாவின் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு அப்புறம் கலாமணி தன் தெருவில் நடந்து, தன் வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் போனாள். சென்னியப்பன் பாய் விரித்தான். இனெஸ் சம்மணம் போடத் தெரியாமல் காலை ஒரு பக்கம் மடக்கி உட்கார்ந்தாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பொரியல் வைத்தபிறகுதான் தயிர் இல்லை என்பது தெரிந்தது. கலாமணி சொம்பை எடுத்துக்கொண்டு முனைக்கடைக்கு ஓடினாள், தயிர் வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

ஈட்டி குறுக்கே சாய்ந்தது.

"ஹூ கோஸ் தேர்?"

கலாமணி நின்றாள். சொம்பிலிருந்து தயிர் தளும்பிக் கையில் வழிந்தது. "அடப்பாவி, இப்பத்தானேடா சொன்னேன்!" என்றாள். அவன் காத்திருந்தான். உள்ளே அவள் வீட்டில் இனெஸ் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கலாமணி சொம்பை இடது கைக்கு மாற்றினாள், முந்தானையில் வலது கையைத் துடைத்தாள், துடைத்த கையை மறுபடி அவன் தொண்டைக்கு முன்னால் நீட்டினாள்.